முழுங்கிய அரிசி

செய்யூர் அரிசி மில்லை விட்டுக் கடப்பாக்கம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை போய்விட்டது. ஆனால் அடிபடவில்லை. அதற்குக் காரணம் சரக்கைச் சோதிக்க வந்த மனிதர்.

பச்சரிசியை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் தடை போட்டிருந்த நேரம். புழுங்கலுக்குத் தடையில்லை. லாரியின் உள்வரிசையில் பச்சரிசியையும் வெளிவரிசையில் புழுங்கலையும் அடுக்கச் சொன்னார் முதலாளி. வாயைத் திறப்பவனின் கையை ஒடிப்பதாகவும் சொன்னார். அடுக்கிய ஐந்து பேரில் நானும் ஒருவன்.

ஏற்றுமதிக்கு முன் சரக்கைச் சோதிக்க வந்தவர் ஒல்லி மனிதர், முன்பல் ஒன்று கறுத்திருக்கும். குத்தூசியால் மூட்டையைக் குத்தி, வரும் அரிசியை மென்று பார்ப்பார். துப்பமாட்டார், முழுங்கிவிடுவார். அன்று வந்ததெல்லாம் புழுங்கல். உள்வரிசைக்கு ஊசி எட்டவில்லை.

முதலாளி போன் பேசத் திரும்பிய நேரம் பார்த்து அவர் என்னிடம் கேட்டார்.

"உள்ள இன்னா கீது, அண்ணாத்த?"

"பச்சை," என்றேன். ஏன் சொன்னேனோ.

அவர் வெளிவரிசையிலேயே இன்னொரு மூட்டையைக் குத்தி மென்றார்.

"மொதலாளி, இதுல பச்சரிசி கீது. எல்லாத்தையும் எறக்கு."

"எங்க, காட்டு."

"முழுங்கிட்டேனே. எறக்கு, தெரிஞ்சிடும்."

முதலாளி எங்கள் பக்கம் திரும்பினார். "பச்சைய வெளிய வெச்சிட்டீங்களா? ஒரு மூட்டைய ஒழுங்கா அடுக்கத் தெர்ல, சோறுதான துன்றீங்க?"

மூட்டைகளை இறக்கியதும் ஐவரையும் துரத்தினார். அந்த மனிதர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத எனக்காக அந்தப் பொய்யை ஏன் சொன்னார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் காலை கடப்பாக்கத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. மில்லை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். மூட்டையை மாற்றி அடுக்கிவிட்டேன் என்றேன்.