இரண்டு தகரம் தண்ணீர், மூன்று அலவாங்கு

எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்து தருகிறவர் நேற்று லொறியில் வரவில்லை. லொறி பழுதாம். தன் சைக்கிள் கரியரில் சிலிண்டரைப் படுக்க வைத்து, பழைய ரியூப்பைக் கிழித்த பட்டியால் வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவிழ்க்கும்போது அந்தப் பட்டி துள்ளி என் காலடியில் விழுந்தது. வெயிலில் காய்ந்த ரப்பரின் மணம். குனிந்து எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டு போயிருக்கிறேன் போல.

"அம்மா, அது ஊத்தை. போடுங்கோ" என்றார்.

போட்டுவிட்டேன். எண்பது கடந்த மனுசி ஒருத்தி ரப்பரை மணந்து பார்த்ததை அவர் தன் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். உங்களுக்கு மட்டும் காரணத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் அப்படிப் பட்டிகள் ஒரு கொத்து இருந்தன. எங்கள் குடிசையின் வாசல் மரக்கப்பில் தொங்கும். அவற்றால்தான் நான் தினமும் எங்கள் சைக்கிளில் கிணறு வெட்டும் அலவாங்குகளைக் கட்டுவேன். எங்கள் என்று சொல்கிறேனே தவிர, அது என் கணவரின் தகப்பனார் ஓடிய சைக்கிள். கறுப்பு இரும்பு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்று இவர், என் கணவர்தான், ஆட்களுக்குச் சொல்லுவார். கேட்பவர்கள் நம்பாவிட்டால் பாரைத் தட்டிக் காட்டுவார். மணிக்கு மூடி கிடையாது. சீற்றின் தோல் வெடித்து, உள்ளே இருந்த கம்பிச்சுருள் எட்டிப் பார்க்கும். பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும், அதுவும் மனம் வந்தால்.

அந்தச் சைக்கிளோடு மூன்று வருடம் விடியக் காலமை காலமையாக அலைந்திருக்கிறேன். ஒரு நாளாவது ஏறி ஓடியதில்லை. அந்தக் காலத்தில் அங்கே எந்தப் பெண் சைக்கிள் ஓடினாள்? நான் அதை உருட்டிக்கொண்டு போனேன், உருட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். வழியில் மாட்டுவண்டிக்காரர்கள், "என்ன தங்கச்சி, சைக்கிளுக்குச் சுகமில்லையோ? ஆசுப்பத்திரிக்கே கொண்டு போறாய்?" என்று கேட்பார்கள். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு, "ஓம், நாலு நாளாய்க் காய்ச்சல்" என்று நானே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் உடையார்கட்டுப் பக்கம் எங்களுக்கு அரசாங்கக் குடியேற்றத்தில் ஒரு மேட்டுக்காணி கிடைத்திருந்தது. அதற்கு முதல் யாழ்ப்பாணத்தில் இவருடைய தமையன் வீட்டில், மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் இருந்தோம். அங்கே எங்களுக்குச் சோற்றுக்குக் குறையில்லை. குறை கிணற்றில் இருந்தது. தகப்பனார் இறந்தபோது கிணற்றுப் பங்கு தமையனுக்குப் போய்விட்டது. ஒருநாள் நான் தலை முழுகிவிட்டு வந்தபோது தமையனின் மனைவி, குசினி வாசலில் அகப்பையோடு நின்றபடி, கோபமே இல்லாமல், "கிணத்திலை உங்களுக்குப் பங்கில்லை, தெரியும்தானே. கேட்டு அள்ளினால் வடிவாயிருக்கும்" என்றாள். இவர் அப்போது மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை அரசாங்கக் கந்தோருக்குப் போய்க் காணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆகவே, காணிக்குப் போனதும் இவர் வீட்டைப் பற்றி நினைக்கவில்லை. தடி நட்டுக் கிடுகு வேய்ந்து ஒரு குடிசை. மறுநாளே கிணற்றுக்கு வட்டம் கீறிவிட்டார். கந்தோரிலிருந்து வந்த ஐயாவும் போகும்போது, வைகாசிக்குள் கிணறு இல்லையென்றால் காணி பட்டியலில் அடுத்த பெயர்க்காரனுக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு அதைச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை.

பத்து அடி வரை மண். அதற்குக் கீழே கிறவல் சரளை. பதினாறாவது அடியில் கருங்கல் பாறை தொடங்கியது. பாறை என்றால் அலவாங்கின் நுனி அரை நாளில் மழுங்கிப் போகும். மழுங்கினால் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்துக் கூராக்க வேண்டும். பட்டறை இருந்தது பெரிய வீதியில், இரண்டரை மைல் தூரத்தில். குடிக்கிற தண்ணீர் எடுக்கும் பொதுக்கிணறும் பட்டறைக்குப் பக்கத்தில்தான். இவர் கிணற்றுக்குள் நிற்பார். மேலே நின்று கல்லை இழுக்கப் பக்கத்துக் காணிக்காரர் வருவார். பதிலுக்கு இவர் அவருக்குக் காடு வெட்டிக் கொடுப்பார். மிச்சம் இருந்தது நானும் சைக்கிளும்.

போகும்போது மழுங்கின அலவாங்கு மூன்று, சில நாளில் கல் கொத்தும் ஒரு பிக்கான், இரண்டு வெறும் மண்ணெண்ணெய்த் தகரம். வரும்போது கூரான அலவாங்கும் நிறைந்த தகரமும். அலவாங்குகளைப் பாரோடு சேர்த்து ரியூப் பட்டியால் இறுக்குவேன். கரியருக்குக் குறுக்கே ஒரு தடி. தடியின் இரண்டு முனையிலும் தகரம். தண்ணீர் அலம்பாமல் இருக்க மேலே ஒரு பூவரசங் கொத்தை மிதக்க விடுவேன். அப்படியும் வீட்டுக்கு வரும்போது முக்கால் தகரம்தான் இருக்கும். மணல் வரும் இடத்தில் சைக்கிள் ஒரு பக்கம் சாயும். அதை இடுப்பால் முட்டுக்கொடுத்து நிமிர்த்த வேண்டும். என் இடது இடுப்பில் எந்த நேரமும் நீலம் பாரித்த ஒரு கண்டல் இருந்தது.

பட்டறைக்காரர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவர். அங்கே தோணிகளுக்கு ஆணியும் நங்கூரமும் அடித்தவர், குடியேற்றம் வந்தபிறகு மண்வெட்டி அடிக்க உள்ளே வந்துவிட்டார். அதிகம் கதைக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கதைப்பவள் மனைவி திரேசம்மா. துருத்தி இழுப்பதும் அவள்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன். கரையிலிருந்து யாராவது கருவாடு கொண்டுவந்தால் எனக்கும் ஒரு துண்டு இலையில் சுற்றி வைத்திருப்பாள். கடலைப் பார்க்காமல் நித்திரை வருவதில்லை என்று அடிக்கடி சொல்லுவாள். ஆனால் மத்தியானத்தில் துருத்தியைப் பிடித்தபடியே தூங்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மாசி மாதமாக இருக்க வேண்டும். பழுத்த அலவாங்கைத் தண்ணீரில் தோய்த்தபோது எழும்பிய புகை என் முகத்தில் அடித்தது. எழும்பிப் போய் வேலிப் பக்கம் சத்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது திரேசம்மா துருத்தியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை மாதம்?"

"மூண்டு."

"அவருக்குச் சொன்னனியோ?"

"இல்லை அக்கா."

"உனக்கென்ன விசரோ பிள்ளை? வயித்திலை வைச்சுக்கொண்டு இந்தச் சாமானைத் தள்ளுறாய்!"

விசர்தான். ஆனால் அந்த விசருக்கு ஒரு கணக்கு இருந்தது. சொன்னால் இவர் என்னைச் சைக்கிளைத் தொட விடமாட்டார். தானே தண்ணீருக்கும் பட்டறைக்கும் போவார். கிணறு நின்றுவிடும். வைகாசி வந்துவிடும். பிறகு பிள்ளைப்பேற்றுக்கென்று அந்த மாட்டுக்கொட்டில் அறைக்கே திரும்பிப் போக வேண்டும். என் பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கும் நான் குசினி வாசலில் நின்று கேட்க வேண்டும். பாறையில் ஈரம் தெரியத் தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டு கிழமைதான் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கண்ட அன்றைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். ஒரே நாளில் இரண்டு நல்ல செய்தி. இவர் எந்தச் செய்திக்கு முதலில் சிரிப்பார் என்றெல்லாம் வழியில் யோசித்துக்கொண்டு போவேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் நாடகப் பைத்தியம் உண்டு.

இரண்டு கிழமை நாலு கிழமையானது. பாறையில் தெரிந்த ஈரம் ஈரமாகவே இருந்தது.

அன்றைக்குப் பட்டறைக்குப் போகும்போதே மணலில் சைக்கிள் சாய்ந்தது. வெறும் தகரம்தான், ஆனால் அலவாங்கு மூன்றோடு பிக்கானும் இருந்தது. விட்டிருந்தால் விழுந்திருக்கும், விழுந்தால் என்ன, இரும்புதானே. அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. எட்டிப் பிடித்து முழுப் பாரத்தையும் வயிற்றால் தாங்கி நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் நின்றேன். வலி போய்விட்டது மாதிரி இருந்தது. மிச்சத் தூரமும் நடந்தேன். பட்டறை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது காலில் சூடாக வழிந்தது.

திரேசம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் படங்குச் சீலையை மறைப்பாகக் கட்டினாள். "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே அவளுடைய கணவர் அலவாங்குகளை அடித்துக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்தபிறகு திரேசம்மா ஒரு பழைய வெள்ளைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தாள். அவர் அப்போதுதான் கூராக்கின எங்கள் அலவாங்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனார். மண் குத்தும் சத்தம் கேட்டது. நாலைந்து குத்துத்தான்.

"ஆம்பிளைப் பிள்ளை" என்றாள் திரேசம்மா. என் முகத்தைத் துடைத்துவிட்டு, "உன்ரை மனுசனுக்கு நான் வந்து சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம் அக்கா. நான் சொல்லுறன்."

பொதுக்கிணற்றில் அவள் நிரப்பிக்கொண்டுவந்த இரண்டு தகரத்தில் ஒன்றை எனக்கு வார்த்துக் கழுவப் பாவித்திருந்தாள். திரும்ப நிரப்பித் தருகிறேன் என்றாள். வேண்டாமென்று ஒரு தகரத்தோடு வெளிக்கிட்டேன். பாதி வழி வரை அவளே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது இவர் கிணற்றுக்குள் நின்றார். குரல் மட்டும் மேலே வந்தது.

"இஞ்சரும், ஏன் இண்டைக்கு இவ்வளவு பிந்தீட்டீர்?"

எட்டிப் பார்த்தேன். இருபத்தெட்டு அடிக்குக் கீழே, கல் தூசி படிந்த தலையோடு, என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரியூப் வெடிச்சுப் போச்சு" என்றேன்.

"ஐயோ! பழைய ரியூப்தானே. நீர் வெயிலுக்கை நிண்டு கஷ்டப்பட்டிருப்பீர். போய்ப் படும். பின்னேரம் நான் பாக்கிறன்."

பின்னேரம் சைக்கிளைப் பார்த்தார். ரியூப்பில் ஒரு பிழையும் இல்லை. பட்டறையில் ஒட்டித் தந்தார்களாக்கும் என்று தானே நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்தது. பாறையின் ஒரு வெடிப்பிலிருந்து நூல் மாதிரி வந்து, மத்தியானத்துக்குள் முழங்கால் அளவு நின்றது. இவர் உள்ளேயிருந்து கத்தின கத்தில் பக்கத்துக் காணிக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். முதல் வாளியை நான்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி மேலே அனுப்பினார். கையில் ஏந்தி வாயில் வைத்தேன்.

உப்பு. கடல் உப்பு இல்லை. நாக்கில் கைக்கிற, தொண்டையில் இறங்காத உவர்.

"எப்பிடியிருக்கு?" என்று கீழேயிருந்து கேட்டார்.

நான் வாளியைக் கீழே வைப்பதற்குள் தானே குனிந்து அள்ளிக் குடித்தார். நிறைய நேரம் மேலே பார்க்கவில்லை. பிறகு, "புதுத் தண்ணி. இறைக்க இறைக்கத் தெளியும்" என்றார்.

இறைத்தார். ஒரு மாதம் இறைத்தார். ஒவ்வொரு நாள் காலமையும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, "நேற்றையைவிடக் கொஞ்சம் பரவாயில்லை" என்பார். அந்தத் தண்ணீரை ஊற்றின தென்னங்கன்றுகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்கின. கந்தோரிலிருந்து வந்த ஐயா கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். காணி எங்களுக்கு நின்றது. நான் மறுநாளும் இரண்டு தகரத்தைக் கட்டிக்கொண்டு பெரிய வீதிக்கு வெளிக்கிட்டேன். இப்போது அலவாங்கு இல்லாததால் சைக்கிள் இலேசாக இருந்தது. அந்த இலேசு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் அப்படி இருந்தோம். பிறகு காணியை விட்டு வவுனியாவுக்கு வந்தோம். இவர் அரிசி ஆலையில் வேலை செய்தார். சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. கோயிலுக்குப் போனோம், வைத்தியரிடம் போனோம். ஒருமுறை ஓமந்தையில் நாட்டு மருந்து கொடுக்கும் ஒரு பரியாரியார் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். திரும்பி வரும் பஸ்ஸில் இவர் வெளியே பார்த்தபடி, "பிழை என்னிலைதான் போலை. உமக்கு நான் ஒண்டும் தரேல்லை" என்றார்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். உங்களில் பிழையில்லை, உங்களுக்கொரு மகன் இருந்தான் என்று சொன்னால் அவர் மனம் ஆறியிருக்குமா, இல்லை உடைந்திருக்குமா? அந்தக் கிணறு எதைக் குடித்தது என்று தெரிந்தபிறகு அவரால் இருக்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் கழித்து, பிழை தன்னில்தான் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

சண்டையெல்லாம் முடிந்து, போகலாம் என்று பாதை திறந்தபிறகு ஒருமுறை அங்கே போனேன். தெரிந்த ஒருவருடைய வாகனத்தில் இடம் இருந்தது. காணி காடாகிவிட்டது, உள்ளே போக வேண்டாம், மிதிவெடி இன்னும் முழுக்க எடுக்கவில்லை என்றார்கள். எனக்குக் காணி தேவைப்படவில்லை. பெரிய வீதியில் இறக்கிவிடச் சொன்னேன். பட்டறை இல்லை. பொதுக்கிணறு மூடப்பட்டிருந்தது. ஒரு சின்னக் கடை இருந்தது. அங்கே இருந்த பெண்ணிடம் கொல்லன் பட்டறை, திரேசம்மா, முல்லைத்தீவுக் கரை ஆட்கள் என்றெல்லாம் கேட்டேன். "நாங்கள் பிறகு வந்து இருந்தனாங்கள் அம்மா, முந்தின ஆக்களைத் தெரியாது" என்றாள். இடம்பெயர்ந்தவர்களில் யார் எங்கே போனார்கள், யார் போய்ச் சேரவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வீதியை அகலமாக்கியிருந்தார்கள். பட்டறை இருந்த பக்கமாகத்தான் அகலமாக்கியிருந்தார்கள். பட்டறைக்குப் பின்பக்கம் எதுவரை வரும் என்று கால் அடியால் அளந்து பார்த்தேன். என் கணக்குச் சரியென்றால் அந்த நாலைந்து குத்து விழுந்த இடம் புதுத் தாரின் நடுவில் வந்தது. அங்கே போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. கும்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பஸ் வந்து ஹோர்ன் அடித்தது.

ஒதுங்கி வழிவிட்டேன்.