அக்கரைப் பங்கு

லண்டனிலிருந்து வந்து, நயாகராவின் கனடாக் கரையில் நனைந்தபடி நிற்கிறேன். பக்கத்தில் ஒரு தமிழ் அக்கா சிவப்புக் குடையை உயர்த்தி ஆட்டுகிறார். எதிரே அமெரிக்கக் கரையிலும் ஒரு சிவப்புக் குடை ஆடுகிறது.

“என்ரை தம்பி. அவனுக்கு விசாப் பேப்பர் சரிவரேல்லை, இஞ்சாலை வர ஏலாது. எனக்கும் அப்பிடித்தான்.”

கைபேசியில், “சாப்பிட்டியோ?” என்று கத்துகிறார். நீரின் இரைச்சலில் பதில் கேட்கவில்லை.

பையிலிருந்து இரண்டு பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளை எடுக்கிறார். இரண்டிலும் இடியப்பமும் சம்பலும். ஒன்றை என்னிடம் நீட்டுகிறார்.

“எப்ப வந்தாலும் அவனுக்கும் சேர்த்துத்தான் கட்டுவன். பிடியுங்கோ.”

“ஐயோ, வேண்டாம் அக்கா.”

“சாப்பிடுங்கோ. அவன் பார்த்துக்கொண்டு நிக்கிறான்.”

சாப்பிடுகிறேன். அக்கரைக் குடை ஆடாமல் நிற்கிறது.