தலைகீழாய்ப் பிடித்த குகைப்படம்

எண்பதுகளில், சிங்கப்பூரில் ஈசூன் வட்டார அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில், நானும் மனைவி ஸ்டெல்லாவும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வீரனை ஊர் ஊராக, குகை குகையாக நடத்துவோம். பொத்தான்கள் அவளிடம், வழிகாட்ட நான் தாளில் வரைந்த குகைப்படம் என்னிடம். ஊருக்குள் எல்லாம் மேலிருந்து தெரியும். இடது பொத்தானை அழுத்தினால் வீரன் திரையில் இடப்பக்கம் நடப்பான். குகைக்குள் அவன் கண்ணால்தான் பார்க்கவேண்டும். அதே பொத்தான் அவனை அவனுடைய இடப்பக்கம் திருப்பும்.

ஒருநாள் குகைக்குள் வீரனைப் பூதம் துரத்தியது. உயிர் கொஞ்சமே பாக்கி. படத்தைப் பார்த்து, "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்தினேன். திருப்பினாள்; சுவர்!

"நீங்க மேலேருந்து பாக்குறீங்க. நான் உள்ள, படத்துல கீழ்ப்பக்கமா ஓடிட்டிருக்கேன் லா! தாளத் திருப்புங்க!"

தலைகீழாகத் திருப்பினேன். அட, அவளுக்கு அது வலது! வாசல் திறந்தது. நாங்கள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் மேலே இடித்தார்.

இப்போதும் சண்டை வந்தால், வாயைத் திறக்குமுன் எழுந்துபோய் அவள் பக்கத்தில், அவள் பார்க்கும் பக்கமாகவே உட்கார்ந்துகொள்கிறேன்.