மூன்று எண்ணுவதற்குள்

நான் முதன்முதலாக விசில் பிடித்த நாளிலேயே ஒருவனுடைய பிழைப்பு போயிற்று.

படிப்பை எட்டாவதோடு விட்டவன் நான். கோபாலபுரம் செக்போஸ்டில் இரண்டு வருஷம் லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணினேன். பிறகு ஊர் ஊராகப் போய் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். விதிகளை அங்கே பார்த்துப் பழகியதுதான்.

எழுபதுகளில் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேட்ச். மழையில் ரெஃபரி வந்து சேரவில்லை. மானேஜர் விசிலை என்னிடம் கொடுத்தார்.

அந்த எஸ்டேட் அணியில் தேவசகாயம் என்று ஒரு உயரமான ஆள். தற்காலிகக் கூலி. மனைவி, கைக்குழந்தையோடு மச்சான் வீட்டு ஒற்றை அறையில் ஒண்டியிருந்தான். ஜெயித்தால் பேரை நிரந்தரமாகப் பதிந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீடு தருவதாக மானேஜர் சொல்லியிருந்தார்.

பந்து தன் அணியிடம் இருக்கும்போது, எதிரணிக் கூடையடியில் கோடு போட்ட இடத்துக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ரெஃபரி மனசுக்குள்ளேயே எண்ண வேண்டும்.

கடைசி நிமிஷம். அவன் அணி ஒரு பாயிண்ட் பின்னால். தேவசகாயம் கூடையடிக்குப் போனான்.

“ஏலே, அங்கனயே குடியேறிட்டான் பாரு” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

மூன்று எண்ணி விசில் அடித்தேன். அதற்குப் பிறகுதான் பந்து கூடையில் விழுந்தது. செல்லாது என்றேன்.

“அண்ணாச்சி, ரெண்டுதான ஆச்சு? நானும் எண்ணுனேம்லா” என்றான் தேவசகாயம்.

“மூணு ஆயிப்போச்சு தம்பி.”

தோற்றார்கள். மானேஜர் ஜீப்பில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நான் மூன்று சொல்லும்போது வினாடி முள் இரண்டு வினாடியைத்தான் தாண்டியிருந்தது. நாலு தடவை எண்ணினேன். நாலு தடவையும் அப்படித்தான். மூட்டை எண்ணிய வேகம் என்னை விட்டுப் போகவில்லை.

திரும்பினால் தேவசகாயம் நிற்கிறான். தலையில் தகரப்பெட்டி. பின்னால் மனைவி, குழந்தை. எஸ்டேட்டில் இனி வேலை இல்லையாம், பிழைப்புத் தேடிக் கம்பம் போகிறார்களாம்.

“அண்ணாச்சி, நெசமாவே நின்னுட்டனா?”

கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“நின்னுட்டே” என்றேன்.

“அப்ப சரி. எம்மேலதான் தப்பு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினான்.

விசில் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். கடிகாரத்தை வைத்து எண்ணிப் பழகுங்கள். தவறாக ஊதிவிட்டால், பஸ் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள்.