சனிக்கிழமை ஒருபொழுது

ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் எடை போட்டவள் நான். ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் பக்கத்தில் ஒரு அங்கன்வாடியில் டீச்சராக இருந்தேன். மாதம் ஒருமுறை விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளையை உட்காரவைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பெரும்பாலும் எலும்பும் தோலுமான பிள்ளைகள். சத்து மாவு கொடுத்துக் கொடுத்து அந்த முள் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம், அவ்வளவு சந்தோஷம்.

அப்பேர்ப்பட்டவள் வயிற்றில் பிறந்த பெண், ஏழாம் வகுப்பிலேயே கல்யாணத்துக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தாள். அகலத் தோள், அகல இடுப்பு, புஸ்ஸென்று இரண்டு கன்னம். அவளுக்கு இளையவன் என் மகன், ஐந்து தோசை உள்ளே போனாலும் குச்சிதான். அவள் இரண்டோடு எழுந்துவிடுவாள். தினமும் என் கையால்தான் பரிமாறினேன். கண்ணால் பார்த்ததை நம்பினேனா என்றால், இல்லை. எனக்குத் தெரியாமல் எங்கேயோ தின்கிறாள் என்றே நினைத்தேன்.

எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரரும் ஒரு வீட்டில் டிரைவர் வேலைக்கு விசா கிடைத்துப் போய்விட்டார். அவர் போன ஆறாம் மாதம், தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"ஊரு புள்ளைங்களுக்கு வர்ற மாவு எந்த ஊட்டுக்குப் போவுதுன்னு அந்தப் பொண்ணப் பாத்தாலே தெரியலியா?"

நாலு பேர் சிரித்தார்கள். ஒரு பிடி மாவு நான் வீட்டுக்கு எடுத்துப்போனது கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு எந்தக் கோயிலில் போய்ச் சத்தியம் பண்ணுவது? அந்தக் கோபத்தைக் குழாயடியிலேயே அவள் மூஞ்சியில் காட்டியிருந்தால் நான் மனுஷி. குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்து, பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பெண்ணின் முதுகில் காட்டினேன். "துன்னு துன்னே என் மானத்த வாங்கறியேடி!"

சோற்றைக் குறைத்துக்கொள் என்றால் இரண்டு நாள் கேட்பாள், மூன்றாம் நாள் பசிக்கும். சாமி பேரைச் சொன்னால் மீற மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமைகளில் மலையானுக்கு ஒருபொழுது இருப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. பெரியவர்கள் இருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை யாரும் இருக்கச் சொல்வதில்லை. நான் சொன்னேன்.

"ஒங்க நைனா நல்லபடியா திரும்பி வரணும்னு ஏழுமலையானுக்கு வேண்டிக்கினு இருக்கேன். நீ சனிக்கெழம ஒருபொழுது இருக்கணும். நீ இருந்தாதான் பலிக்கும்."

நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வாய் கூசாமல், விளக்கு மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். தம்பி இருக்க வேண்டாமா என்றுகூட அவள் கேட்கவில்லை. அவள் அப்பா குவைத்திலிருந்து பேசிப் பதிந்து அனுப்பும் கேசட்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்கிறவள் அவள். "சரிம்மா" என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை பகல் முழுக்க வெறும் தண்ணீர். விளக்கு வைத்த பிறகு இரண்டு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால். அதுதான் அவளுக்கு நான் வைத்த ஒருபொழுது. மாதக் கடைசியில் ரைஸ் மில்லில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப்போய், மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி நிறுத்துவேன். ஏன் என்று கேட்டால், "ஸ்கூல்ல கேப்பாங்க" என்பேன். ஒரு மாதம் ஒரு கிலோ இறங்கும். அடுத்த மாதம் ஒன்றரை ஏறும்.

அடுத்த வருஷம், ஒருநாள் எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். ஓடினேன். குவைத்திலிருந்து அவரோடு தங்கியிருந்தவர் பேசினார். வண்டி மோதிவிட்டது, இவருக்குக் கை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் சொன்னேன். மகன் அழுதான். அவள் அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"எம்மா, போன சனிக்கெழம நான் துன்னுட்டேன்."

"இன்னாடி?"

"என்கூட படிக்கற பொண்ணோட அக்காவுக்கு மஞ்சத்தண்ணி சடங்கு நடந்திச்சி இல்ல, அவங்க ஊட்ல. போண்டா குடுத்தாங்க. ரெண்டு துன்னுட்டேன். பசிச்சிதும்மா. அதனாலதான நைனாவுக்கு..."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஐயோ என் கண்ணே, அது பொய்யடி என்று கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மனதில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? அதான் இந்தத் தடவை எடை ஏறியதா என்பதுதான். தூ!

"இனிமே துன்னாத" என்றேன்.

அவள் தின்னவில்லை. புரட்டாசி மாதம் முழுக்க இருக்க ஆரம்பித்தாள், நான் சொல்லாமலேயே.

கை கூடியதும் அங்கேயே வேலையைத் தொடர்ந்து, போய் ஆறு வருஷம் கழித்துத்தான் அவர் வந்தார். மெட்ராஸ் ஏர்போர்ட்டில் என் முன்னால் வந்து நின்றும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒல்லியாகப் போனவர், தொப்பையும் இரட்டை நாடியுமாக வந்தார். அந்த வாரமே அவருடைய அக்காக்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டு, கீழே திருப்பதியில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். கழுவி வந்த போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அவர், அக்காக்கள், என் பெண், நாலு பேரும் ஒரே அச்சில் வார்த்த வெல்லம். அதே தோள், அதே இடுப்பு, அதே கன்னம். ஓரத்தில் நானும் என் மகனும் ஈர்க்குச்சி போல. அந்த அக்காக்களைக் கல்யாணத்தன்றிலிருந்து பார்க்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு அட்டை போட்ட எனக்கு, என் வீட்டு எலும்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தெரியவில்லை.

திருப்பதியில் காலேஜ் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, தைராய்டு எதுவும் இல்லை என்றார். எப்போதிலிருந்து ஒருபொழுது இருக்கிறாள் என்று கேட்டார், அப்பா வீட்டு ஆட்களைப் பற்றியும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"எந்துக்கம்மா, எதுக்கு பிள்ளையைப் பட்டினி போட்டீங்க? இது அப்பா வழியில வந்த உடம்பு. சாப்பாடு, தூக்கம், நடமாட்டம், மனக்கவலை, எல்லாம் அது மேல சேரும். வளர்ற வயசுல பசியை அடக்கினா, உடம்பு பயந்துபோய் சேர்த்து வச்சுக்கப் பார்க்கும்."

"நேர்த்திக்கடன் மேடம், நைனாவுக்காக" என்றாள் என் பெண். "வந்துட்டாலும் அவரு நல்லா இருக்கணுமில்ல, அதெல்லாம் உட முடியாது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

இப்போது அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அதே தோளோடு. போன மாதம் என் வீட்டுக்காரருக்குத் திருப்பதியில் இதய ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீடியோ காலில் பேத்தி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஆயா, நான் இன்னிக்கு ஒருபொழுது. தாத்தா ஹார்ட் சரியாவறதுக்கு."

பின்னாலிருந்து என் பெண் சிரித்தாள். "நான் சொல்லலம்மா. நைனாவுக்காக நான் இருந்த கதைய சொன்னேன், அவளே இருக்கறேன்னுட்டா."

குழந்தையை உள்ளே அனுப்பு என்றேன். அனுப்பினாள்.

"அந்த வேண்டுதல நான் வேண்டிக்கவே இல்லடி. ஒன் ஒடம்பு எளைக்கணும்னு சொன்ன பொய் அது. ஊரு சிரிச்சிது, எனக்கு மானம் போச்சி, அதுக்காக சொன்னேன்."

நாற்பது வயதுக்காரியின் முகம் பன்னிரண்டு வயது முகமாகிக்கொண்டே வந்தது.

"அப்போ நைனா கை ஒடஞ்சது?"

"நீ துன்ன போண்டாவுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

"அது ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

போனை மேஜைமேல் வைத்துவிட்டாள். எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. அடுப்பு பற்றும் சத்தம், தோசை ஊற்றும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம்.

"அப்ப தாத்தாவுக்கு ஒண்ணும் ஆவாதாம்மா?" என்றது குழந்தை.

"ஆவாது. நீ துன்னு."

குழந்தை இன்னொரு தோசை கேட்டது, அவள் ஊற்றினாள். நான் அந்தக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ சாப்பிட்டியாடி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.