அண்ணனின் ஈரல்

என் அண்ணன் குடிக்கமாட்டார். கடலிலிருந்து வந்ததும் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளானபோது, திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான் என்று குப்பத்தில் பேசினார்கள். அண்ணிகூட ஒருநாள் படகுக்குள் பாட்டில் தேடினார். அண்ணன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஈரலில் புற்றுநோய் என்றார்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா அண்ணியிடம் சொன்னார்:

"இது குடியால வந்ததில்லைம்மா. ஹெபடைடிஸ் பி-னு ஒரு வைரஸ். அநேகமா பிறந்தப்பவே உள்ள போயிருக்கும். வருஷக்கணக்கா ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமா புண்ணாக்கும், தழும்பாக்கும். சில பேருக்கு அது கட்டியாயிடும். அதுவரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

வீட்டில் உள்ள எல்லாரையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். அம்மாவுக்கும் எனக்கும் அந்த வைரஸ் இருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் முடிவை வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டார்:

"பால் குடுத்தப்போ வந்துச்சா நைனா?"

"பால்ல வராதாம்மா. பொறக்கும்போது ரத்தத்துல வர்றதாம். உனக்கே தெரியாதே, நீ இன்னா செய்வ?"

வீட்டுக்குப் போனதும் அம்மா அண்ணனின் காலடியில் உட்கார்ந்து அழுதார். "உனக்கும் யாரோ குடுத்ததுதானேம்மா. சும்மா இரு" என்றார் அண்ணன். அந்தக் குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது.

நோய் முற்றிவிட்டிருந்தது. மழைக்காலம் முடியும் முன்பே அண்ணன் போய்விட்டார். எடுக்கும் நேரத்தில் அண்ணி கூட்டத்தைப் பார்த்து, "அவரு குடிச்சதில்ல. எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். பேசித் திரிந்தவர்களே பாடைக்குத் தோள் கொடுத்தார்கள்.

நான் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் செய்கிறார்கள். அறைக்கு வெளியே காத்திருக்கும்போதெல்லாம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். என் மனைவிக்கு வைரஸ் இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டாள். போன வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தபோது அம்மா பிரசவ அறை வாசலிலேயே நின்று, வெளியே வந்த நர்ஸிடம் எல்லாவற்றுக்கும் முன்னால், "கொழந்தைக்கு ஊசி போட்டாச்சா?" என்றுதான் கேட்டார். போட்டாயிற்று.

தொட்டால், கொஞ்சினால் ஒட்டாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அம்மா பேத்திக்கு முத்தம் கொடுப்பதில்லை. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.