பதினொரு பேரும் வந்த ஞாயிறு

ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் படிக்கப் போன நாங்கள் நடத்திய ஃபுட்பால் கிளப் ஒன்றரை சீசன் உயிரோடு இருந்தது. அந்த வட்டாரத்திலேயே ஆகக் கடைசி லீக். அதற்குக் கீழே இறங்க வழியில்லை என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதி. மைதானத்தில் புல் கிடையாது, சிவப்புச் செங்கல் தூள் கொட்டிய தரை. விழுந்து எழுந்தால் அந்தச் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

கோல்கீப்பர்தான் கேப்டன். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன், உலோக ஆராய்ச்சிக்காக வந்தவன். ஆராய்ச்சி கிடக்கட்டும், கிளப்தான் அவனுக்கு உயிர். நான் செயலாளர். ஆடத் தெரியாதவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? லீக்கிலிருந்து வரும் ஜெர்மன் கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஆள் சேராது. பரீட்சை என்பான் ஒருவன், ஜலதோஷம் என்பான் இன்னொருவன். இப்படியே இரண்டு ஆட்டங்களுக்குப் போகவே இல்லை. மூன்றாவது முறையும் போகாவிட்டால் அணியின் பெயரையே அடித்துவிடுவார்கள்.

அதனால் மார்ச் கடைசி ஞாயிறு ஆட்டத்துக்குக் கேப்டன் அறை அறையாகப் போய்க் கெஞ்சினான். முதல்முறையாகப் பதினொரு பேரும் வந்தார்கள். ஆட்டம் பதினொரு மணிக்கு. நாங்கள் பத்தே முக்காலுக்கே மைதானத்தில் நின்றோம். ஒரே பனிமூட்டம். எதிரணியும் இல்லை, ரெஃப்ரியும் இல்லை.

"பாத்தியா மக்கா, இன்னைக்கு நாமதான் முதல்ல" என்றான் கேப்டன்.

பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டு பனிக்குள் ஓடினார்கள். ஆள் தெரியாது. பந்து மட்டும் எங்கிருந்தோ உருண்டு வரும், யாரோ சிரிப்பார்கள், மறுபடி உள்ளே போய்விடும். அந்தக் கால் மணி நேரம் நாங்கள் யாரிடமும் தோற்கவில்லை.

மைதானத்துக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டு. அன்று அதிகாலையில் கோடைக்காக நாடு முழுக்க மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார்கள். நம் ஊரில் மணி எங்கே நகர்ந்தது, எங்களுக்குத் தெரிய? ரெஃப்ரி அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, அணி வரவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

மணி மாறும் என்பது லீக் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. இடத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்த மகானுபாவன் நான்தான். வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேப்டன் கையுறையைக் கழற்றாமல் கோலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே கிளப் போயிற்று.

அக்டோபர் கடைசி ஞாயிறு, மணியை மறுபடி பின்னே தள்ளிய அன்று காலை, கேப்டன் போன் செய்தான். "மக்கா, அந்த ஒரு மணி நேரத்த இன்னைக்குத் திருப்பித் தந்திருக்கானுவ. வாறியா?"

போனேன். அவன் கோலில் நின்றிருந்தான். பந்தைத் தரையில் வைத்தபடி, கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும். உன் மேசையில கெடந்துச்சு, அன்னைக்குச் சாயங்காலமே பாத்தேன்" என்றான். "நீ பந்த அடி."

அடித்தேன். கோலுக்கு நாலடி தள்ளிப் போன பந்துக்கும் அவன் பாய்ந்து விழுந்தான்.